டெல்லியில் எந்தப் பக்கம் ரூம் போடுவது?

கேள்வி: டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறையில், முதல்முறையாக டெல்லி போகிறோம். நான், கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. நடப்பார், படி ஏறுவதுதான் கஷ்டம். காட்பாடியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான்கு இரவு தங்க வேண்டும், இரண்டு ரூம் வேண்டும். அதில் ஒரு நாள் ஆக்ரா. செயலியில் பார்த்தால் ஒரு ரூமுக்கு ஓர் இரவு வாடகை மகிபால்பூரில் 1,600, பகார்கஞ்சில் 1,800, கரோல் பாகில் 2,200 என்று காட்டுகிறது. மகிபால்பூர் ரூம் படங்கள் பளபளவென்று இருக்கின்றன. வாடகையும் குறைவு, அதையே போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. எதை எடுப்பது?
வாசகி, குடியாத்தம்

பதில்: மகிபால்பூர் வேண்டாம். கரோல் பாகில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிற இடமாகப் பார்த்து எடுங்கள்.

காரணம் சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வந்து, கையில் ஃபைலோடு நடக்கிற வங்காளக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். காட்பாடிப் பக்கம் அதே வாடகைக்கு இதைவிடப் பெரிய, காற்றோட்டமான ரூம் கிடைக்கும். ஆனாலும் அவர்கள் சி.எம்.சி. வாசலை ஒட்டிய சின்ன ரூமைத்தான் தேடுவார்கள். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரூமுக்கு வந்து நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, மதியம் டாக்டரைப் பார்க்கத் திரும்பப் போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் வர முடிகிற இடம்தான் அவர்களுக்குப் பக்கம். நீங்களும் வயதானவரை அழைத்துப் போகிறீர்கள். மதியம் ஒரு மணி நேரம் மாமியார் கால் நீட்டிப் படுத்தால்தான் சாயங்காலம் எங்காவது வருவார். மகிபால்பூரில் ரூம் போட்டால் அந்த மதியத் தூக்கம் நடக்கவே நடக்காது.

மகிபால்பூர் மோசமான இடம் என்று சொல்லவில்லை. அது விமான நிலையத்தை ஒட்டிய பேட்டை. நடு ராத்திரி வந்திறங்குபவருக்கும் விடியற்காலை விமானம் பிடிப்பவருக்கும் அருமையான இடம். நீங்கள் இறங்கப்போவது புதுடெல்லி ரயில் நிலையத்தில், பார்க்கப்போவது செங்கோட்டை, இந்தியா கேட், அக்ஷர்தாம். மகிபால்பூரிலிருந்து நகரின் நடுவே இருக்கிற கன்னாட் பிளேஸுக்கு வரவே சுமார் 15 கிலோமீட்டர். கணக்குப் போட்டுக் கணவரிடம் காட்டுங்கள். கரோல் பாகைவிட ரூமுக்கு 600 ரூபாய் குறைவு, இரண்டு ரூமுக்கு 1,200. நீங்கள் ஐந்து பேர், சாதாரண வாடகைக் காரில் நான்கு பேர்தான் உட்கார முடியும். இரண்டு கார், ஒரு வழிக்கு 400 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும், போக வர 1,600. மிச்சம் பிடித்த 1,200 போய், மேலே 400 கையை விட்டுப் போகிறது. டிராஃபிக்கில் போகிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இதை எனக்குப் பட்டுத்தான் தெரியும். முதல்முறை டெல்லி போனபோது நானும் வாடகை குறைவு, ரூம் பெரிது என்று விமான நிலையப் பக்கம்தான் போட்டேன். ரூம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளும் அதில் தூங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சாந்தினி சௌக்கில் வாங்கிய போர்வை மூட்டையை இரவு எட்டு மணி வரை கையிலேயே சுமந்து திரிந்ததுதான் மிச்சம்.

இப்போது மற்ற இரண்டையும் பார்ப்போம். பகார்கஞ்ச், புதுடெல்லி ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம். ஒன்றாம் பிளாட்பாரம் இறங்குவது அந்தப் பக்கம். கிழக்கே 16-ஆம் பிளாட்பாரம், அஜ்மேரி கேட் பக்கம். மஞ்சள் வழி மெட்ரோவும் விமான நிலைய மெட்ரோவும் அஜ்மேரி கேட் பக்கம்தான் இருக்கின்றன. ‘ஸ்டேஷனிலிருந்து 500 மீட்டர்’ என்று செயலி காட்டுவது நேர்க்கோட்டுத் தூரமாகக்கூட இருக்கும். நடுவில் தண்டவாளங்களும் நடைமேம்பாலமும் இருப்பது அதற்குத் தெரியாது. விருதம்பட்டிலிருந்து பார்த்தால் வேலூர் எதிரிலேயே தெரிகிறது. பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பாலத்தைச் சுற்றித்தானே வருகிறோம்? அதனால் வரைபடத்தில் ஓட்டலை அழுத்தி, ‘நடந்து போக’ என்று போட்டு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். கிலோமீட்டரை விட்டுவிடுங்கள்.

பகார்கஞ்சில் வாடகை மலிவு, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் சந்து, சத்தம், ஆளைப் பிடித்து இழுக்கிற தரகர்கள், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள். தனியாகப் போகிற இளைஞர் என்றால் தாராளமாகப் போகலாம். மாமியாரோடு வேண்டாம். அங்கேதான் என்று முடிவெடுத்தால், ராமகிருஷ்ணா ஆஷ்ரம் மார்க் மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிய மேற்குக் கோடியாகப் பாருங்கள்.

கரோல் பாக் நீல வழி மெட்ரோவில் இருக்கிறது. ஜண்டேவாலான், ராமகிருஷ்ணா ஆஷ்ரம், அடுத்தது ராஜீவ் சௌக். மூன்றாவது ஸ்டேஷனில் நகரின் நடுவே நிற்பீர்கள். அக்ஷர்தாமுக்கு மாறாமல் அதே வழியில் போகலாம், ஆனால் நொய்டா பக்கம் போகும் வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். வைஷாலி வண்டி யமுனா பேங்கில் பிரிந்துவிடும். செங்கோட்டைக்கு மண்டி ஹவுஸில் இறங்கி ஊதா வழிக்கு மாறினால் லால் கிலா ஸ்டேஷன். இந்தியா கேட்டுக்கு ராஜீவ் சௌக்கில் மஞ்சள் வழிக்கு மாறி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள், நடக்க வைக்காதீர்கள். மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு, அறிவிப்புகள் இந்தியோடு ஆங்கிலத்திலும் வரும். இந்தி தெரியாத குடும்பத்துக்கு மெட்ரோவை ஒட்டித் தங்குவதில் இது பாதி நிம்மதி. ஆட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டிய வேளைகள் குறையும்.

ஓட்டலைப் பிடித்ததும் செயலியை நம்பி விடாமல் போன் போட்டுப் பேசுங்கள். டெல்லி என்றாலும் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். (நம்மூரில் ஓட்டல் என்றால் சாப்பாடு, லாட்ஜ் என்றால் ரூம். அங்கே எல்லாமே ஓட்டல்தான்.) லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். ரூமில் ஜன்னல் உண்டா, அது வெளியே திறக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பக்கங்களில் ஜன்னலே இல்லாத ரூம்கள் நிறைய. வெந்நீர் எந்த நேரமும் வருமா என்பது டிசம்பர் டெல்லியில் சின்ன விஷயம் இல்லை. இரண்டு ரூமும் ஒரே மாடியில், முதல் அல்லது இரண்டாவது மாடியில் வேண்டும் என்று சொல்லுங்கள். மாமியாரின் காலுக்காக மட்டும் சொல்லவில்லை. 2019 பிப்ரவரியில் இதே கரோல் பாகில் ஓர் ஓட்டலில் பிடித்த தீயில் 17 பேர் இறந்தார்கள். ரூமுக்குள் பையை வைத்ததும் மாடிப்படி எங்கே என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நம்மூர் லாட்ஜ்களில் பல இடத்தில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு. அங்கே பெரும்பாலும் மதியம் 12 மணிக் கணக்கு. டிசம்பர் கடைசியில் மூடுபனியால் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். அதனால் முதல் இரவுக்கு, இலவசமாக ரத்து செய்ய முடிகிற வகையில் பதிவு செய்யுங்கள். ரயில் தாமதமானால் வழியிலேயே ஓட்டலுக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நள்ளிரவில் போய் நின்றால் ரூமை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் யாராவது வந்து, ‘நீங்கள் போட்ட ஓட்டல் மூடிவிட்டது’, ‘அந்த ரோடு அடைத்திருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்’ என்பார். ஓட்டலுக்கு நீங்களே, உங்கள் போனிலிருந்து, பதிவுச் சீட்டில் இருக்கிற எண்ணுக்குப் பேசுங்கள். அவர் போன் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆக்ராவுக்கு புதுடெல்லியிலிருந்து காலை 6 மணிக்கு போபால் சதாப்தி இருக்கிறது. கரோல் பாகிலிருந்து ஸ்டேஷன் ஆட்டோ தூரம்தான், ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். மகிபால்பூரில் இருந்தால் பிள்ளைகளை எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள்? வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. திங்கட்கிழமை செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றும் விடுமுறை. நான்கு இரவை இந்தக் கிழமைகளைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மாமியார் முருகன் கோயில் கேட்டால் ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் இருக்கிறது. குன்றின் மேல் என்பதால் படி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் ஓர் ஓட்டலுக்குச் செயலி வழியாக 6,200 ரூபாய் முழுப் பணமும் கட்டிப் போனேன். ரூம் இல்லை என்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மட்டமான இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஓட்டலைக் கேட்டால் செயலியைக் கேள் என்கிறார்கள், செயலியைக் கேட்டால் ஓட்டலைக் கேள் என்கிறார்கள். வழக்குப் போட பெங்களூருக்கா போக முடியும்?
வாசகர், சத்துவாச்சாரி

பதில்: போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, புகார் கொடுப்பவர் வசிக்கிற அல்லது வேலை செய்கிற ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஓட்டல், செயலி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் சொல்லித் தப்பிப்பதை அங்கே போய்ச் சொல்லட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் செயலியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பாதிப் பிரச்சினைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன, 6,200 ரூபாய்க்காக யாரும் ஆணையம் வரை வர விரும்புவதில்லை.

ஒரு குறை உங்கள் பக்கமும் இருக்கிறது. மாற்று ஓட்டலுக்குப் போகும் முன் ‘வேறு வழியில்லாமல் போகிறேன், ஒப்புக்கொண்டு அல்ல’ என்று செயலியின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதியிருந்தால் இப்போது உங்கள் கை ஓங்கியிருக்கும். பதிவுச் சீட்டு, பணம் கட்டிய விவரம், அனுப்பிய இடத்தின் ரசீது மூன்றும் இருக்கிறதல்லவா? அதை வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: ரூம் 1,499 என்று காட்டியது. பணம் கட்டும் பக்கத்தில் 1,868 ஆகிவிட்டது. வரி இவ்வளவா?
வாசகர், ஆற்காடு

பதில்: இல்லை. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். முன்பு 12 சதவீதமாக இருந்தது. 1,499-க்கு 75 ரூபாய் வரி, மொத்தம் 1,574. மீதி 294 ரூபாய் ‘வசதிக் கட்டணம்’, பயணக் காப்பீடு, நன்கொடை என்று ஏதாவதொரு பெயரில் ஒளிந்திருக்கும். விவரத்தைத் திறந்து, நீங்கள் டிக் போடாமலே டிக் ஆகியிருப்பவற்றை எடுத்துவிடுங்கள். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915-இல் புகார் பதியலாம்.

கேள்வி: எந்த ஊர் லாட்ஜுக்குப் போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: அடையாள அட்டை கேட்பது வழக்கம்தான், ஆதாரே வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டுங்கள். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் ஆதார் இணையதளத்தில் எண் மறைத்த பிரதியை இறக்கிக்கொள்ளலாம். அதில் கடைசி நான்கு எண்கள்தான் தெரியும். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் மேலேயே லாட்ஜின் பெயரையும் தேதியையும் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.