மெர்சிடிஸ் 300 எஸ்.எல் காருக்கு ஏன் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள்?

பழைய கார் வினாடி வினாக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. அழகுக்காக என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். உண்மையில் அது வேறு வழியில்லாமல் வந்த கதவு.

இதன் முன்னோடியான 1952-இன் பந்தயக் காருக்காக மெர்சிடிஸ் பொறியாளர் ருடால்ஃப் உலென்ஹாட் மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு சட்டகம் அமைத்தார். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அந்த உறுதிக்காகப் பக்கவாட்டிலும் குழாய்கள் உயர்ந்து நிற்க வேண்டியிருந்தது. சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. அதனால் கீலைக் கூரைக்குக் கொண்டுபோனார்கள். 1954-இல் நியூயார்க்கில் அறிமுகமான சாலைக் காரிலும் இதே ஏற்பாடுதான். உயரமான அந்த விளிம்பைத் தாண்டி உட்கார வசதியாக ஸ்டீயரிங் சக்கரமே மடியும்!

அடுத்த கேள்வியில்தான் பலர் சறுக்குவார்கள்: பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சிய முதல் விற்பனைக் கார் இதுதானா? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் ஆம். இரண்டு ஸ்ட்ரோக்கில் குட்ப்ரோட், கோலியாத் என்ற சிறிய ஜெர்மன் கார்கள் முந்திக்கொண்டன.

300 எஸ்.எல்-இல் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்கியது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஆயில் மாற்றுவது இதனால்தான்.

1957-இல் வந்த, கூரையைத் திறக்கக்கூடிய மாடலுக்குச் சட்டகத்தின் பக்கங்களைத் தாழ்த்தினார்கள். வழக்கமான கதவும் வந்துவிட்டது.