டெண்டர் அநியாயமாகக் கைமாறினால் நீதிமன்றம் என்ன செய்யும்?

கிண்ணியாவிலிருந்து ஒரு வீதி ஒப்பந்தகாரர்: ஐயா, மாகாண சபையின் கீழ் வரும் ஒரு வீதி வேலைக்கு நான்தான் ஆகக் குறைந்த விலை போட்டேன். பெட்டி திறந்த அன்று எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். அப்புறம் என்னைவிடக் கூடுதலாகப் போட்டவருக்கு வேலை போய்விட்டது. வழக்குக்குக் கொழும்புதான் போக வேண்டுமா?

கொழும்பைப் பிறகு பார்ப்போம். ஆகக் குறைந்த விலை என்பதற்காக மட்டும் வேலை உங்களுக்கு உரித்தாகிவிடாது. கேட்ட தகைமைகளும் ஆவணங்களும் சரியாக உள்ள விலைமனுக்களை மதிப்பிட்டு, அவற்றில் எது குறைவோ அதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே, உங்களை ஏன் தள்ளினார்கள் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலைக்கு, 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அந்தப் பதிவைக் காட்டும் பீ.சீ.ஏ. 3 படிவம் இல்லாமலோ, விலைமனுவோடு வைக்கும் பிணைப் பத்திரமான பிட் பொண்டின் காலம் போதாமலோ தள்ளுபட்டிருந்தால், வழக்கில் காசைக் கொட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் டெண்டர் ஆவணத்தில் எங்கும் சொல்லாத ஒரு நிபந்தனையைப் பிறகு கொண்டுவந்து தள்ளியிருந்தால், உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது. ஆவணத்தில் எழுதிய அளவுகோலால் மட்டுமே எல்லாரையும் அளக்க வேண்டும்.

இனி நீதிமன்றம். அரச அமைப்பின் பிழையான முடிவை இரத்துச் செய்வது போன்ற நீதிமன்றக் கட்டளையைத்தான் எழுத்தாணை (ரிட்) என்கிறோம். மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கொடுத்திருக்கிறது. மாகாண சபை நிரலில் அடங்கும் விடயங்களுக்கு, அதாவது மாகாண வீதி, பிரதேச சபை வேலை போன்றவற்றுக்கு, திருகோணமலையிலேயே மனுப் போடலாம். தேசிய நெடுஞ்சாலை, துறைமுக அதிகாரசபை என்றால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். முடிவெடுத்தது மாகாணமா மத்தியா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கொழும்பில் போடுவதே பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம். இடம் மாறிப் போட்டால் வாரக்கணக்கில் நாட்கள் வீணாகும். அதற்குள் வீதிக்குத் தார் ஊற்றி முடித்துவிடுவார்கள். வேலை கிடைத்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். அவரை விட்டுவிட்டுப் போட்ட மனு அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியாகலாம்.

மூதூரிலிருந்து ஒரு சகோதரி: ஒரு வைத்தியசாலைக்குச் சமைத்த உணவு வழங்கும் டெண்டர். நிராகரிப்புக் கடிதம் கிடைத்து ஆறு வாரம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் "பார்ப்போம், பார்ப்போம்" என்றே சொன்னார்கள்.

இந்தக் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் போக, 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. கொடுக்கவில்லையென்றால் மிச்சம் இருப்பது எழுத்தாணை மனு. அதற்கு நாள்கணக்கு இல்லை, ஆனால் காரணமில்லாத தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்காது. இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், சகோதரி.

நிலாவெளி வாசகர் ஒருவர் தகவல் அறியும் உரிமை பற்றிக் கேட்கிறார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்கலாம். வியாபார இரகசியம் என்று மறுத்தாலும், பொது நலன் அதைவிடப் பெரிது என்று வாதிட இடமுண்டு. ஆனால் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் எடுக்கலாம். மறுத்தால் மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதற்குள் உங்கள் ஒரு மாதம் ஓடிவிடும். ஆகவே கோரிக்கையைப் போடுங்கள், அதற்காக வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். விலைமனு திறக்கும் நாளில் தவறாமல் போய், வாசிக்கும் ஒவ்வொரு பெயரையும் விலையையும் கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் பாதி தீர்ந்த மாதிரி.

டெண்டரே போடாத பொதுமகன் வழக்குப் போடலாமா? பொது நலன் இருந்தால் போடலாம். கப்பல்களுக்கு எரிபொருள் வழங்கும் லங்கா மரைன் சேவிசஸ் நிறுவனத்தை அரசு 2002இல் விற்றது. அந்த விற்பனையை 2008இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. மனுதாரர் வாசுதேவ நாணயக்கார; அவர் அந்த நிறுவனத்தை வாங்கப் போட்டியிட்டவர் அல்ல.

வென்றால் வேலை எனக்கே கிடைக்குமா? பெரும்பாலும் இல்லை. பிழையான முடிவை நீதிமன்றம் இரத்துச் செய்து, மீண்டும் மதிப்பிடச் சொல்லும். அடிப்படை உரிமை வழக்கென்றால் நட்டஈடும் கிடைக்கலாம். ஒப்பந்தம் கைச்சாத்தாகி வேலை பாதி முடிந்த பிறகு நீதிமன்றம் கைவைக்கத் தயங்கும் என்பதால், மனுவோடு இடைக்காலத் தடையுத்தரவையும் கேளுங்கள். உங்களுக்குப் பாதகமான கடிதம் ஏதும் இருந்தால் அதையும் இணையுங்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கு அன்றோடு போச்சு.

கந்தளாயிலிருந்து: "டெண்டரிலிருந்து விலகினால் பணம் தருகிறேன்" என்கிறார் போட்டியாளர்.

வாங்காதீர்கள். கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளி. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. யார், எங்கே, எப்போது, எவ்வளவு சொன்னார் என்று இன்றே எழுதி வைத்துக்கொண்டு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.