கேள்வி – பதில்: ‘ழ’வும் அண்ணமும்

கேள்வி: ‘ழ’கரத்தை உச்சரிக்கும்போது நா அண்ணத்தைத் தொட வேண்டும் என்கிறார் என் மகளின் தமிழாசிரியை. தொடவே கூடாது என்கிறார் என் மாமனார். யார் சொல்வது சரி? வாய்க்குள் நடப்பதை ஆராய்ச்சியாளர்கள் எப்படித்தான் பார்க்கிறார்கள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமனார் சொல்வதே சரி. ஆனால், ஆசிரியை அப்படிக் கருதுவதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ (நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ) ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று இரண்டையும் ஒரே நூற்பாவில் அடக்குகிறது. இன்றைய பேச்சில் ரகரத்துக்கு நாவின் நுனி அண்ணத்தை ஒரு கணம் தட்டி விலகுகிறது. ழகரத்துக்கோ நா வளைந்து மேலே சென்று, காற்று உராயாமல் வெளியேறும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. ‘வருட’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வாய்க்குள் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்ப்பதற்கான எளிய வழி நாவில் மை பூசுவது. கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாவில் தடவி, ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, உடனே வாய்க்குள் கண்ணாடியை வைத்து அண்ணத்தைப் படம் எடுப்பார்கள். நா பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கும். (கரித்தூளால் பல் துலக்கி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய சங்கடமாக இராது.) சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது: ‘பழம்’ என்பதில் பகரமும் மகரமும் இதழால் பிறப்பவை ஆதலால், கறை ஏதும் விழுந்தால் அது ழகரத்தினுடையதாகவே இருக்கும். ‘பள்ளம்’ என்று சொன்னால் அண்ணத்தில் தெளிவான தடம் விழும்; ‘பழம்’ என்றால் அண்ணத்தின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கும்.

ஆனால், நா எங்கே பட்டது என்பதை மட்டுமே மை காட்டும். படாத நா எந்த வடிவில் இருந்தது என்பதைக் காட்டாது. தாடைக்கு அடியில் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் படத்தில் நாவின் முதுகு நன்றாகத் தெரிந்தாலும், ழகரத்துக்கு நுனி தூக்கி வளைக்கப்படும்போது அதன் அடியில் காற்று புகுந்துவிடுவதால், நாம் காண விரும்பும் நுனியே மறைந்துபோகிறது. சிறு உணரிகளை நாவில் ஒட்டி, காந்தப் புலத்தில் அவற்றின் அசைவைத் தொடர்வது இன்னொரு முறை. அது ஒட்டிய புள்ளிகளின் பாதையைத் துல்லியமாகத் தரும், மற்ற இடங்களைத் தராது. எம்.ஆர்.ஐ. படம் நாவை முழுமையாகக் காட்டும். ஆயினும் அதற்கு மல்லாந்து படுக்க வேண்டும், அப்போது நா சற்றே பின்னோக்கிச் சரியும், பற்களும் படத்தில் தெரியா. பழைய முறையில் ஒரே ஒலியைப் பல நொடிகள் நீட்டிப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. ழகரத்தை அப்படி நீட்டலாம், டகரத்தின் ஓசையை நீட்ட முடியுமா?

ஒரு கருவியின் குறையை இன்னொன்று ஈடுசெய்யும் என்பதால்தான், ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகெயில் கௌன் ஆகியோர் மைத்தடம், எம்.ஆர்.ஐ., காந்தப்புல உணரி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1999இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. மகளுக்குச் சொல்லித்தரும்போது, ‘ள’ சொல்லும் நிலையில் நாவை வைத்து, ஒட்டிய நுனியை மட்டும் சற்று விலக்கிக் குரல் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். ‘மடக்கு, மடக்கு’ என்று அதட்டுவதைவிட இது பயன்தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பல் செட் பொருத்தியது முதல் ‘சக்கரை’ என்றால் சீழ்க்கை அடிக்கிறது. இது மாறுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் மாறும். ‘சக்கரை’யின் முதலில் வரும் சகர ஒலிக்கு, நாவின் நடுவில் குறுகிய பள்ளம் அமைந்து, அதன் வழியே காற்று முன்பற்களில் மோத வேண்டும். பல் செட் அண்ணத்தை ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கினாலும் அந்தப் பள்ளத்தின் அளவு மாறிவிடுகிறது. நா படும் இடங்களைப் பதிவுசெய்ய 62 மின்முனைகள் பதித்த செயற்கை அண்ணத்தை அணிவித்து ஆராயும்போதும், நா அதற்குப் பழகட்டும் என்று அவகாசம் கொடுத்த பிறகே பதிவைத் தொடங்குவார்கள். தினமும் செய்தித்தாளை உரக்க வாசித்து வாருங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் சீழ்க்கை நீடித்தால் பல் மருத்துவரிடம் சொல்லி செட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.