சத்தம் 18,500 ரூபாய்

போன மாதம் எஞ்சின் ஆயில் பற்றி எழுதினேன். அதோடு கார் விஷயம் தீர்ந்தது என்று நினைத்தால், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஏர் இன்டேக், அதாவது எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும் பற்றித்தான். கடிதங்களைச் சுருக்கி, கடைப் பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: மூன்று வருட ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். தினமும் திருப்பூரிலிருந்து அவிநாசி போய் வருகிறேன். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு 'கோல்ட் ஏர் இன்டேக்' போட்டால் 10 எச்.பி. கூடும், மைலேஜும் இரண்டு கிலோமீட்டர் ஏறும் என்கிறார் கடைக்காரர். 18,500 ரூபாய். போடலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம்.

காரணமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த வாரம் அதே கடைக்குப் போய் நிற்பீர்கள். 1.2 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் காற்றை இழுக்க முடியும். ஆனால் அவிநாசி ரோட்டில் 60-இல் போகும்போது உங்கள் கால் ஆக்சிலரேட்டரைப் பாதிகூட மிதிப்பதில்லை. அப்போது காற்றை மறிப்பது ஃபில்டர் அல்ல, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும், இப்போது பாதி மூடிக் கிடக்கும் த்ராட்டில் வால்வு. வாசற்கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு தெருமுனை கேட்டை அகலப்படுத்தி என்ன பயன்? மைலேஜ் கதை அங்கேயே முடிந்தது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் குறையவில்லை, வேகம் எடுப்பதில்தான் மந்தம் தெரிந்தது. அடைத்த ஃபில்டருக்கே இப்படி என்றால், சுத்தமான ஃபில்டரை மாற்றி இரண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வரும்?

அப்புறம் அந்த 10 எச்.பி. உங்கள் எஞ்சின் 90 எச்.பி. என்று வைத்துக்கொள்வோம். பத்து கூட வேண்டுமானால் ஒன்பதில் ஒரு பங்கு காற்று கூடுதலாக உள்ளே போக வேண்டும். கம்பெனி பெட்டி அவ்வளவு காற்றை மறித்துக்கொண்டிருக்கிறது என்றால், அதை வடிவமைத்தவர்களை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

'கோல்ட் ஏர்' என்ற பெயருக்கும் கொஞ்சம் நியாயம் செய்வோம். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அதில் ஆக்சிஜனும் அதிகம். இது உண்மை. அதனால்தான் கம்பெனி குழாயின் வாய் ரேடியேட்டருக்கு முன்னாலோ ஹெட்லைட் பக்கத்திலோ வெளிக்காற்றைப் பார்த்தபடி இருக்கிறது. கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் எஞ்சின் சூட்டிலேயே கூம்பு வடிவ கோன் ஃபில்டர் ஒன்றை மாட்டுகிறார். நண்பரின் காரில் அப்படி மாட்டியிருந்தார்கள். மே மாத மத்தியானம் காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சென்சார்கள் சொல்வதைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிப் பார்த்தேன். வெளியே 37 டிகிரி, எஞ்சின் குடிக்கும் காற்று 62. கணக்குப் போட்டால் அடர்த்தியில் ஏழு சதவீதத்துக்கு மேல் போச்சு. காசு கொடுத்து வெந்நீர்க் காற்று வாங்கியிருக்கிறார்.

இவ்வளவு பேசும் நானும் யோக்கியன் இல்லை. 2009-இல் என் பழைய மாருதி ஜென் காருக்கு 4,200 ரூபாய் கொடுத்து சிவப்புக் கோன் ஒன்று மாட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'ஹோ' என்று ஒரு உறுமல். இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். மூன்றாம் மாதம் சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டுப் பையனை ஸ்டாப்வாட்சோடு உட்காரவைத்து, மூன்றாம் கியரில் 40-இலிருந்து 80 வரை பார்த்தேன். அடுத்து பழைய பெட்டியை மாட்டி அதே ரோட்டில் மறுபடி பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் பையனின் விரல் வேகத்துக்குள் அடங்கிவிட்டது. கழற்றியபோது குழாயின் உட்புறத்தைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். துணியில் காபிப் பொடி மாதிரி மெல்லிய புழுதி. ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்த புழுதி அது. கம்பெனி பெட்டியின் குழாயைத் துடைத்தபோது துணி வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்கே கோன் பரணுக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: மைலேஜ் பற்றிக் கவலை இல்லை சார். வண்டி சத்தம் ரேஸ் கார் மாதிரி வர வேண்டும், அவ்வளவுதான். – கோவை கல்லூரி மாணவர்

பதில்: சத்தத்துக்குத்தான் காசு என்று தெரிந்து கொடுக்கிறீர்கள், அதனால் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. சத்தம் அதிகமாவதற்குக் காரணம், கம்பெனி பெட்டியில் ஒலியை அடக்க வைத்திருக்கும் அறைகள் போய்விடுவதுதான். சத்தம் வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. செட்டிபாளையம் ரேஸ் டிராக் உங்கள் ஊரில்தானே இருக்கிறது தம்பி, உறுமலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டரை 5,000 ரூபாய்க்கு வாங்கினேன், டீசல் கார். முதல் தடவை கழுவியதும் அதற்கான ஆயில் கைவசம் இல்லாததால் மீதமிருந்த எஞ்சின் ஆயிலைத் தடவினேன். இப்போது செக் எஞ்சின் லைட் எரிகிறது, பிக்கப் இல்லை. சென்சார் மாற்ற 9,000 ஆகும் என்கிறார்கள். ஃபில்டர் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? – நாமக்கல் வாசகர்

பதில்: எதற்கு வழக்கு? தோசைக்கல்லுக்குத் தடவுவது மாதிரி தடவிவிட்டு, கல் மேல் குற்றமா? அந்த மாதிரி ஃபில்டருக்கு அதற்கென்றே உள்ள ஆயிலை, அதுவும் அளவாகத்தான் போட வேண்டும். கூடினால் காற்றோடு போய், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படியும். அது தப்புக் கணக்குச் சொல்லும், எஞ்சினும் அதை நம்பி டீசலை விடும். ஆயில் வகை பெட்டியிலேயே போட்டிருக்கும். படிக்காமல் எறிந்திருப்பீர்கள்.

ஆனாலும் 9,000 ரூபாயை உடனே எடுத்து நீட்டாதீர்கள். அந்த சென்சாருக்கென்றே சில நூறு ரூபாய்க்கு க்ளீனர் ஸ்ப்ரே கிடைக்கிறது. கம்பியைத் தொடாமல் அடித்து, காயவிட்டு, எஞ்சினில் பதிவான பழுதுக் குறியீட்டை (எரர் கோட்) அழித்துப் பாருங்கள். பலருக்கு அதிலேயே சரியாகியிருக்கிறது. காகித ஃபில்டர் சில நூறு ரூபாய்தான், அதையே வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்டேக் குழாய்க்குள் வைக்கும், காற்றைச் சுழற்றிவிடும் குட்டி விசிறி 1,200 ரூபாய். மைலேஜ் கூடுமா? – தேனி வாசகர்

பதில்: கூடாது. 1999-இல் மைலேஜ் கூடும் என்று நம்பி, பெட்ரோல் குழாயில் கட்டக் காந்தம் வாங்கியவன் சொல்கிறேன். அந்தக் காந்தம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நான் டாக்ஸி ஓட்டுகிறேன். ஆன்லைனில் பிரபல பிராண்டு ஃபில்டர் பாதி விலைக்கு வந்தது, 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். ரப்பர் ஓரம் சரியாக உட்காரவில்லை, கையால் தொட்டால் சிவப்புச் சாயம் ஒட்டுகிறது. மெக்கானிக் போலி என்கிறார். விற்றவர் 'பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது' என்கிறார். எனக்கு அது இரண்டு நாள் வருமானம். – மதுரவாயல் வாசகர்

பதில்: பிரிக்காமல் போலி என்று யாருக்குத் தெரியும்? அவர் சொல்வது செல்லாது. முதலில் அந்த ஃபில்டரை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓரம் உட்காராத ஃபில்டர் இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான், புழுதி நேராக எஞ்சினுக்குள் போகும். பெட்டி, பில், சாயம் ஒட்டிய கைவிரல் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மெக்கானிக்கிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

விற்றவரை விட்டுவிட்டு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-இன் இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. 2,600 ரூபாய்க்கு இவ்வளவா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எங்கேயாவது சிக்கினால் மறுபடி எழுதுங்கள், மனுவை நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: கடையில் 22,000 ரூபாய்க்கு இன்டேக் மாட்டினேன். பில் கேட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். குழாயை இறுக்கும் கிளாம்ப் கழன்று இரண்டு முறை நடுரோட்டில் நின்றேன். இப்போது 'எங்கள் கடையில் மாட்டியதே இல்லை' என்கிறார். – சேலம் வாசகர்

பதில்: இருபது வருடமாக இதையே எழுதுகிறேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். 'பில் வேணுமா, பில் இல்லாமலா?' என்று கேட்பவர் உங்களுக்குச் சலுகை தரவில்லை. உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தை 18 சதவீத ஜி.எஸ்.டி.க்கு விலை பேசி வாங்கிக்கொள்கிறார். கத்தைக் காகிதத்தில் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்து, கடைப் பெயர் இல்லாமல், '1 செட் – 22' என்று கிறுக்கித் தருவார்கள். பூஜ்ஜியம்கூட முழுசாகப் போட மாட்டார்கள். என்னிடம் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது, மிக்ஸி வாங்கியது. மிக்ஸி போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆச்சு. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடைச் சுவரில் எவ்வளவு பெரிதாக எழுதினாலும் குறையுள்ள பொருளுக்கு அது பொருந்தாது. ஆனால் இந்தச் சட்டம் முழுவதும் 'இவரிடம்தான் வாங்கினேன்' என்று காட்டுகிறவருக்குத்தான் கைகொடுக்கும்.

பணத்தை யு.பி.ஐ.யில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள். கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிளாம்பை நீங்களே முடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: இன்டேக்கின் வாயை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி மாட்டியிருந்தார்கள். மழையில் முழங்கால் தண்ணீரில் போனபோது வண்டி நின்றுவிட்டது. நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர் கிளெய்மை நிராகரித்துவிட்டார். – வேளச்சேரி வாசகர்

பதில்: வேளச்சேரியில் இருந்துகொண்டு காற்று வாயைக் கீழே இறக்கச் சம்மதித்தீர்களா? 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். சரி, பட்ட காலில் மேலும் அடிக்கவில்லை. மாட்டியவர் சொல்லியிருக்க வேண்டும், அவர் மேல்தான் எனக்குக் கோபம்.

காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஒவ்வொரு முறை சாவியைத் திருகுவதும் பிஸ்டனைத் தள்ளும் அந்தக் கனெக்டிங் ராடுக்கு ஒரு சம்மட்டி அடி. பாலிசியில் 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை, மாற்றம் செய்ததையும் தெரிவிக்கவில்லை என்றால் வழி குறுகலாகத்தான் இருக்கிறது. கவர் இருந்தும் மறுத்தார்கள் என்றால், முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் சென்னையிலேயே இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், செலவில்லை.

கேள்வி: இன்டேக் போட்டால் வாரண்டி மொத்தமாகப் போய்விடுமா? – திருச்சி வாசகர்

பதில்: இன்டேக் போட்டதற்காகக் கதவுக் கண்ணாடி மோட்டாருக்கு வாரண்டி மறுத்தால் விடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எஞ்சினுக்கு மறுத்தால் உங்கள் பக்கம் பலவீனம். வெளிப் பாகத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று வாரண்டிப் புத்தகத்திலேயே இருக்கும்.

கேள்வி: எல்லாம் வேண்டாம் என்கிறீர்கள். செலவில்லாமல் பிக்கப் கூட என்னதான் செய்வது? – காரைக்குடி வாசகர்

பதில்: டயரில் காற்று பாருங்கள். ஏர் ஃபில்டர் கறுத்திருந்தால் ஊதி மறுபடி போடாமல் புதிதாக மாற்றுங்கள். பொங்கலுக்கு ஊரிலிருந்து ஏற்றிவந்த அரிசி மூட்டை இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் நடுவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை இறக்குங்கள்.