களைத்து வரும் கற்போரை எப்படி உட்கார வைப்பது? எழுத்தறிவு மையத் தன்னார்வலர்களுக்குப் பதில்

புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களிலிருந்து முதியோர் வகுப்பு எடுத்துவரும் அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி (திருமயம்): அக்கா, என் மையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்வருகிற பெண்கள். இரவு ஏழரைக்கு உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் கண் சொக்குகிறது. பாட்டு, விளையாட்டு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன்.

பதில்: பாட்டை விடு தம்பி. அவர்கள் புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார். கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்தால் அது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் வரும். எழுத்து கலங்கினால் நெற்றி வலிக்கும், கண்ணை மூடத் தோன்றும். அதைத்தான் நாம் தூக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேள். "பேத்தியைத்தான் கூப்பிடுவேன்" என்கிறவரை அரசு மருத்துவமனைக்குக் கண் சோதிக்கக் கூட்டிப் போ.

அடுத்தது விளக்கு. பல்பு முதுகுக்குப் பின்னால் எரிந்தால் அவர் நிழல் அவர் சிலேட்டிலேயே விழும். உட்காரும் திசையை மாற்று.

அப்புறம் கை. களைக்கொத்து பிடித்த கை பென்சிலையும் அதே இறுக்கத்தில்தான் பிடிக்கும். விரல்நுனி வெளுக்கும், முனை ஒடியும், இரண்டு வரிக்குள் மணிக்கட்டு வலிக்கும். முதல் மாதம் சிலேட்டும் சாக்பீஸும் போதும். ஓர் எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் செய்யாதே. கண் சொக்கினவரைத் தனியாக எழுப்பிப் படிக்கச் சொல்லாதே. மறுநாள் வரமாட்டார்.

கேள்வி (ஆலங்குடி): தேர்வு எப்போது? சான்றிதழ் யார் தருவார்கள்?

பதில்: வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

கேள்வி (கீரனூர்): எங்கள் மையத்திலும் தூங்குகிறார்கள் அக்கா. என்ன செய்ய?

பதில்: திருமயத்துக்குச் சொன்னதுதான். கண், விளக்கு, கை.

கேள்வி (அறந்தாங்கி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): நீங்கள் அ, ஆ இல்லாமல் நேரே சொல்லில் தொடங்கச் சொல்கிறீர்களாமே. அஸ்திவாரம் இல்லாமல் வீடு நிற்குமா அம்மா?

பதில்: ஐயா, 247 எழுத்தையும் வரிசையாக முடிக்கிறவரைக்கும் அந்தப் பெண் ஒரு சொல்லைக்கூட வாசித்திருக்கமாட்டார். உடம்பு அலுத்து வருகிறவர் எதை நம்பி அத்தனை நாள் உட்காருவார்? "பட்டா" என்று எழுதுங்கள். மூன்றே எழுத்து. அதை வைத்துக்கொண்டே படி, பாடு, பாட்டி என்று போகலாம். முக்கியமாக, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் வகுப்பே பேச ஆரம்பித்துவிடும். மாமனார் பேரா, கொழுந்தன் பேரா என்று சண்டைகூட வரும். அன்றைக்கு யார் தூங்குவார்கள்? பிரேசிலில் 1963இல் பாவ்லோ ஃபிரேரே என்ற கல்வியாளர் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள் வாழ்க்கைச் சொற்களிலிருந்து தொடங்கித்தான்.

அதே தலைமையாசிரியர்: பட்டியலில் பெயர் தேட அகர வரிசை வேண்டாமா?

பதில்: கட்டாயம் வேண்டும். வாசிக்க வந்த பிறகு.

கேள்வி (கந்தர்வகோட்டை): சார் சொல்வதுதான் சரி. எங்கள் பாட்டிமாரே அ, ஆ சொல்லிக்கொடு என்று கேட்கிறார்கள்.

பதில்: கேட்டால் கொடுங்கள். பேரப்பிள்ளை படிப்பதைப் பார்த்து வந்த ஆசை அது, மறுக்கக் கூடாது. அட்டையைச் சுவரில் மாட்டுங்கள். மனப்பாடம் கேட்டு வரிசையாக நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

கேள்வி (பொன்னமராவதி): இரண்டு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிடுகிறதே?

பதில்: 1991இல் இங்கே ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளியோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தோம். அதுபோலப் படிப்பும் அன்றாடத்துக்கு உதவுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். இன்றைக்குச் செல்போனை எடுங்கள். மகன் பெயரைத் தமிழில் பதிந்து, மணி அடிக்கும்போது வாசித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (விராலிமலை): ஒரு அம்மா தினமும் தூங்குகிறார். தட்டி எழுப்பலாமா?

பதில்: கூடாது. மேலே சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டுக் கேளுங்கள். கண்ணும் விளக்கும் சரியாக இருந்தும் தூங்கினால் அவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று விசாரியுங்கள். விடியுமுன் எழுந்து வேலை பார்க்கிறவருக்கு இரவு வகுப்பு ஒத்துவராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலை நடக்கும் இடத்திலேயே மரத்தடியில் இருபது நிமிடம் வைத்துப் பாருங்கள்.