சிவில் கேட்கும் மகளைத் தடுக்காதீர்கள்

மகள் சிவில் இன்ஜினியரிங் கேட்கிறாள், உறவினர்களோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்கள், கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். பிடிக்காத படிப்புக்கு வாங்கிய கடனைப் பிடிக்காத வேலையில் இருந்துகொண்டு அடைக்கப்போவது அவள்தான். யோசனை சொன்னவர்கள் ஒரு தவணைகூடக் கட்டமாட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே கல்லையும் மண்ணையும் பொறுக்கிவந்து பார்ப்பவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிவிலுக்குள் அவளுக்கென்றே ஜியோடெக்னிக்கல் என்று ஒரு துறை இருக்கிறது. பாலமோ கட்டடமோ எழும்புமுன் நிலத்தைத் துளைத்து, அடியில் இருப்பதைக் கண்டுசொல்லும் வேலை.

துளைக்குள் குறிப்பிட்ட ஆழங்களில் மண் மாதிரி எடுக்கும் குழாய் ஒன்றை 450 மில்லிமீட்டர் அடித்து இறக்குவார்கள். 63.5 கிலோ சுத்தியல், சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும். முதல் 150 மில்லிமீட்டரில் இருப்பது துளை போட்டதில் கலைந்த மண், அதைச் சேர்ப்பதில்லை. மீதி 300 இறங்கச் சுத்தியல் எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் மண்ணின் உறுதியைச் சொல்லும் கணக்கு. அப்புறம் குழாயில் வந்த ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். மேலே நீர் பளபளத்து, அமுக்கியதும் மறைந்தால் வண்டல். அசையாமல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் களிமண். இங்கே தவறினால் அஸ்திவாரக் கணக்கே தவறிவிடும். இத்தாலியின் பைசா கோபுரம் சாய்ந்தது அடியிலிருந்த மென்மையான மண்ணால்தான். சாய்வைக் குறைத்ததும் இந்தத் துறையினர்தான். வடபுறத்தில் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தே அதைச் செய்தார்கள்.

வெயில், சேறு, ஊருக்கு வெளியே தங்கல் எல்லாம் உண்டு. முதல் சில வருடங்கள் பெரும்பாலும் சைட்டில்தான் போகும். பிறகு ஆய்வகம், அறிக்கை, வடிவமைப்பு என்று வேலை மேசைக்கும் வரும். வேலையில் சேரும்போது தங்குமிடம், கழிப்பறை, போக்குவரத்து என்ன ஏற்பாடு என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் நிறுவனம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றிலும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டம் வாங்கிய கையோடு மேற்படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஒன்றிரண்டு வருடம் சைட்டில் வேலை பார்க்கட்டும். மண்ணா, பாறையா, நிலத்தடி நீரா, எதில் மனம் நிற்கிறது என்று அவளுக்கே தெரிந்தபின் செலவழியுங்கள்.