தங்கச்சிக்கு நினைவு மலர்: 31ஆம் நாளுக்குள் எப்படிச் செய்து முடிப்பது?

கேள்வி இது: "41 வயதில் தங்கச்சி போய்விட்டாள். கணவர், இரண்டு சின்னப் பிள்ளைகள், அம்மா, அப்பா, நாங்கள் சகோதரர்கள் இருக்கிறோம். யாழ்ப்பாண முறைப்படி 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று நினைவு மலர் என்ற சிறு புத்தகம் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது, என்ன போடுவது, எதில் பிழை வரும்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அச்சகங்களில் இருக்கும் மாதிரி மலர்கள் பெரும்பாலும் 75, 80 வயதில் பேரன் பூட்டன் கண்டு கண்மூடியவர்களுக்காகச் செய்தவை. அந்த அச்சில் உங்கள் தங்கச்சியை வார்த்தால் "அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்" என்று யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு பெண்தான் வருவாள். இந்த மலரை உண்மையில் வாசிக்கப்போகிறவர்கள் அந்த இரண்டு பிள்ளைகள். அதுவும் இன்றைக்கல்ல, பதினெட்டு இருபது வயதில். அம்மா எப்படிப்பட்டவள் என்று அப்போது தேடுவார்கள். எதைப் போடுவது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் அவர்களை நினைத்து முடிவு செய்யுங்கள்.

நாள் கணக்கு: இறந்த நாளையும் சேர்த்தே 31 எண்ண வேண்டும். எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினால் 20ஆம் நாளில் எழுத்து முழுவதும் பக்க அமைப்பாளர் கையில் இருக்கும். 24ஆம் நாள் கடைசிப் படி திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிடலாம். மிச்ச ஏழு நாளும் அச்சுக்கும் கட்டுக்கும். மின்வெட்டு, விடுமுறை, கடதாசித் தட்டுப்பாடு எல்லாம் அந்த ஏழுக்குள்தான் வரும், அதைத் தின்றுவிடாதீர்கள்.

நினைவுகளைச் சேர்க்கும்போது மகளாக, மனைவியாக, சகோதரியாக அவளைத் தெரிந்தவர்களைத் தனித்தனியே இருத்திக் கேளுங்கள். எல்லாரையும் ஒரே விறாந்தையில் இருத்தினால் மூத்தவர் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். "தங்கச்சியைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "நல்ல பிள்ளை" என்ற பதிலோடு அழுகைதான் வரும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அம்மாவிடம்: எந்த நேரத்தில் பிறந்தாள், பெயர் வைத்தது யார், வீட்டுப் பெயர் என்ன, சின்ன வயதில் என்ன வருத்தம் (நோய்) வந்தது, முதன்முதலாகத் தனியே சமைத்தது என்ன? கணவரிடம்: காலையில் எழும்பியதும் முதல் வேலை என்ன, எதற்குக் கோபம் வரும், காசை எப்படிக் கணக்குப் பார்த்தாள், கடைசியாக வாங்கிய பொருள் எது? சகோதரர்களிடம் சண்டைகளைக் கேளுங்கள். எந்தப் பொருளுக்காக அடிபட்டார்கள், யார் முதலில் சமாதானத்துக்கு வந்தது என்பதில் ஆளின் குணம் அப்படியே தெரியும்.

தொலைபேசியில் பதிவு செய்து, சொன்ன வாயின் நடையிலேயே எழுதுங்கள். "சமையற்கலையில் வல்லவர்" என்ற வரி பிள்ளைக்கு ஒன்றையும் கொடுக்காது. "ஒடியல் கூழுக்குப் பழப்புளி கரைச்சால் ருசி பாக்கமாட்டா, மணத்திலயே அளவு சொல்லுவா" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே போடுங்கள். கூழ் மணக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு அம்மா வருவாள்.

அவளுடைய தொலைபேசியை இந்த வாரமே கவனியுங்கள், இது பிந்தினால் திரும்பக் கிடைக்காது. நீண்ட நாள் காசு போடாத இலக்கத்தை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். 120 நாள் பாவிக்காத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக அழிக்கப்படும். சிம் போனால் மற்றக் கணக்குகளுக்கு வரும் இரகசிய எண்ணும் போய்விடும். கணவரின் சம்மதத்தோடு குரல் பதிவுகளையும் படங்களையும் கணினிக்கு மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு அம்மாவின் குரல் மிஞ்சப்போவது அதில்தான்.

படங்களில்தான் பெரும்பாலான மலர்கள் கெடுகின்றன. ஏ5 அளவில் (148 × 210 மில்லிமீட்டர்) முழுப்பக்கப் படம் தெளிவாக விழ 1748 × 2480 பிக்சல் தேவை. அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 35 × 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படம் மட்டுமே இருக்கிறதென்றால் 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் அகலம் ஏறத்தாழ 1650 பிக்சல் வரும், முழுப்பக்கத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். அதே படத்தை 300இல் ஸ்கேன் செய்து பெருப்பித்தால் முகம் கரைந்துவிடும். ஒட்டும் தாள் உள்ள பழைய அல்பத்தில் படம் இழுக்க வராவிட்டால் பல்லிடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுங்கள். அதற்கும் வராவிட்டால் அல்பத்தோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

மங்கிய படத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவை இல்லாத கண்ணையும் பல்வரிசையையும் தாமாகவே வரைந்துவிடும். பெற்ற தாய் பார்த்த உடனே "இது என்ர பிள்ளை இல்லை" என்பாள். நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் சரிசெய்தால் போதும். அட்டைக்குக் கல்யாணப் படத்தை வெட்டிப் போடுவது வழக்கம். அதைவிடக் கடைசி ஐந்து வருடத்துக்குள் எடுத்த, அவள் சிரிக்கிற படம் நல்லது, பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் அதுதான்.

அவளுடைய கையெழுத்து உள்ள ஒரு தாளைத் தேடி எடுங்கள். கடைச் சிட்டை போதும், அரிசி, பருப்பு, பிள்ளையின் கொப்பி என்று எழுதிக் கீழே கூட்டல் போட்ட தாள். 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, வெட்டாமல், மடிப்புக் கோடும் எண்ணெய்க் கறையும் தெரிய ஒரு முழுப்பக்கத்தில் போடுங்கள்.

அடுத்தது வாழ்க்கைக் குறிப்பு. மரண அறிவித்தலில் வரும் "இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் ஆருயிர்ச் சகோதரியும் ஆவார்" என்ற வாய்பாடு ஒரு பத்திக்கு மேல் போகக்கூடாது. அந்த ஒரு பத்தியிலேயே இரண்டு பிழை வழமையாக வரும். ஒன்று "காலஞ்சென்ற". "காலஞ்சென்ற கந்தையா, சிவகாமி தம்பதிகளின்" என்று எழுதினால் போனது ஒருவரா இருவரா என்று தெரியாது. இருவரும் இல்லையென்றால் "காலஞ்சென்றவர்களான" என்று எழுதுங்கள். ஒருவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரை முன்னுக்கு வைத்து, மற்றவருக்கு முன்னால் மட்டும் "காலஞ்சென்ற" போடுங்கள். மற்றப் பிழை, மச்சான் மச்சாள்மாரில் ஒருவரை விட்டுவிடுவது. இரு வீட்டாரும் கையொப்பம் வைத்த பெயர்ப் பட்டியல் இல்லாமல் அச்சுக்குப் போகாதீர்கள். அட்டையில் கணவர் பெயர் முன்னுக்கு வருவது வழக்கம், வரட்டும். ஆனால் அவள் பெயர் எழுத்து அளவில் பெரிதாக இருக்கவேண்டும்.

இறந்த காரணத்தைப் போடுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் கணவர். போட்டால் ஒரு வரி. வைத்தியசாலை மேல் மனக்குறை இருந்தாலும் அதற்கு இடம் இந்தப் புத்தகம் அல்ல.

இனித் திதி வெண்பா. பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஆட்டத் திவசம் (வருடத் திவசம்) ஆங்கிலத் திகதியில் வராது, திதியில் வரும். அந்தத் திதியைக் குடும்பம் மறக்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, பெயர் ஐந்தும் நாலு அடிக்குள் வரவேண்டும். குரோதி ஆண்டு (2024 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் வரை) ஐப்பசி அபரபக்க (தேய்பிறை) தசமிக்கு ஒரு மாதிரி:

ஆண்டு குரோதியதில் ஐப்பசிசேர் நற்றிங்கள்
ஈண்டு தசமி இருட்பக்கம் – தூண்டாத
இல்லின் விளக்காய் இருந்த மகள்சிவன்தாள்
புல்லி உறைந்திட்ட நாள்.

அபரபக்கத்தை மோனைக்காக இருட்பக்கம் என்று வைத்திருக்கிறது. "மகள்" என்ற இடம் பெயருக்கானது. உமா, கலா, ரமா போன்ற பெயர்கள் அதில் அப்படியே உட்காரும், ஏனென்றால் "இருந்த" என்ற மாச்சீருக்குப் (நேரசையில் முடியும் ஈரசைச் சீர்) பின் நிரையசை (உமா, கலா போல இரண்டு எழுத்து இணைந்த அசை) வரவேண்டும். வாசுகி என்ற பெயர் 'வா' என்ற நேரசையில் தொடங்குவதால் அங்கே தளை தட்டும், அதாவது சீர்களின் இணைப்பு உடையும். அப்போது கடைசி இரண்டு அடியை "இல்லின் விளக்காய் இருந்திட்ட வாசுகி / எல்லையிலான் தாளடைந்த நாள்" என்று மாற்றவேண்டும். புவனேஸ்வரி போன்ற பெயர் கனிச்சீர் (நிரையசையில் முடியும் மூவசைச் சீர்) ஆகிவிடும், வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. "புவனே சுவரி" என்று இரண்டு சீராகப் பிரித்தால் சரிவரும். பழைய மலர் ஒன்றின் வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவதால்தான் இத்தனை உடைந்த வெண்பாக்கள் அச்சில் இருக்கின்றன. ஊரில் மரபுக்கவிதை தெரிந்த தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்தால் ஒரு மாலைக்குள் எழுதித் தருவார்.

வெண்பா எழுதும் முன் திதியை உறுதி செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கமும் புழக்கத்தில் இருக்கின்றன. திதி மாறும் நேரம் இரண்டிலும் வேறுபடும். வெளிநாட்டில் இறந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் 9½ மணி, குளிர்காலத்தில் 10½ மணி நேர வித்தியாசம். அங்கே தசமி என்பது இங்கே ஏகாதசியாகிவிடலாம். கிரியை செய்யும் குருக்களிடம் கேட்டு ஒன்றை முடிவு செய்து, வெண்பா, அட்டை, அழைப்பு மூன்றிலும் அதையே போடுங்கள்.

புலம்பல் பகுதியில் கணவர், பெற்றோர், சகோதரர் எழுதட்டும். பிள்ளைகள் பெயரில் பெரியவர்கள் "எங்களைத் தவிக்கவிட்டு எங்கே போனாய் அம்மா" என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தான் சொல்லாததைத் தன் பெயரில் ஒரு நாள் அந்தப் பிள்ளை வாசிக்க நேரும். ஆளுக்கொரு பக்கம் வெறுமையாகக் கொடுத்து, வரைந்தால் வரைந்ததை, எழுதினால் எழுத்துப் பிழையோடு எழுதியதைப் போடுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் அம்மாவோடு எடுத்த படம் போதும்.

பஞ்சபுராணம் (ஐந்து திருமுறைப் பாடல்கள்), சிவபுராணம் கட்டாயம் இருக்கட்டும். பல வீடுகளில் மலர் சாமியறையில் பத்திரமாக இருப்பதே அவற்றால்தான். 95 அடியுள்ள சிவபுராணத்துக்கு ஏ5 அளவில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். பதிகங்களை இணையத்திலிருந்து ஒட்டாமல் அச்சிட்ட திருமுறைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ர, ற, ல, ள, ழ பிழைகள் அங்கேதான் குவியும். திருமுறை மொத்தப் பக்கத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பாருங்கள், அவளுக்கும் இடம் வேண்டும்.

வம்சாவழியில் பெண்கள் கணவரின் கிளைக்குள் மறைந்துபோவார்கள். இந்த மலரில் அவளை நடுவில் வைத்து, மேலே இரு பக்கத்துப் பெற்றோர், பாட்டன் பாட்டி, பக்கத்தில் சகோதரர், கீழே பிள்ளைகள் என்று வரையுங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த இடத்தில் ஒரே ஆள் இரண்டு தரம் வருவார். அங்கே முறிகோடு போட்டு இணைத்தால் குழப்பம் வராது.

பக்க அமைப்பாளர் பாமினி எழுத்துருவில் வேலை செய்பவராக இருந்தால் உங்கள் யூனிகோட் எழுத்தை அவர் மாற்றித்தான் ஆகவேண்டும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருப்பதால் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்கள் பொருளில்லாத தமிழாகிவிடும், அரைப்புள்ளி (;) மெய்யெழுத்தின் குற்றாக (மேற்புள்ளியாக) மாறும். ஆகவே ஊர், பட்டம், நிறுவனப் பெயர் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் யூனிகோட் பாவித்தால் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

48 பக்கம் நல்ல அளவு. நடுவில் கம்பி அடிக்கும் கட்டுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபடவேண்டும், 64ஐத் தாண்டினால் ஒட்டுக் கட்டுத்தான். உள்ளே 100 கிராம் தாள், படப் பக்கத்துக்கு 130 கிராம் ஆர்ட் தாள், அட்டைக்கு 250 கிராம் போடலாம். ஓரம் வரை போகும் படத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். எழுத்து 12 புள்ளிக்குக் குறையவேண்டாம், வாசிப்பவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். படி திருத்த மூவர் வேண்டும்: தாய்வீட்டார் ஒருவர், கணவர் வீட்டார் ஒருவர், குடும்பத்துக்கு வெளியே ஒருவர். முதல் இருவர் பெயரையும் திகதியையும் பார்க்கட்டும், மூன்றாமவர் சத்தமாக வாசிக்கட்டும். அழுது களைத்த கண்ணுக்குப் பிழை தெரியாது.

நன்றி நவிலலில் தனிப் பெயர்கள் வேண்டாம். நேரில் வந்தோர், தொலைபேசியில் ஆறுதல் சொன்னோர், மலர்வளையம் வைத்தோர், அந்தியேட்டியிலும் வீட்டுக்கிருத்தியத்திலும் உதவியோர் என்று பிரிவாகச் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அவற்றைத் தேடி வாசிக்கிறார்கள். அங்கே கொடுக்க விரும்பினால் பிள்ளைகளின் பிறந்த திகதி, பள்ளிக்கூடப் பெயர், வீட்டு முகவரி நீக்கிய வேறு பிடிஎஃப் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அச்சகத்திலிருந்து முதற்கட்டு வந்ததும் பத்துப் பிரதியை எடுத்து, ஐந்தைந்தாகப் பிரித்து, பிள்ளைகள் பெயரை எழுதி அம்மம்மாவின் அலுமாரியில் வைத்துவிடுங்கள். கூட்டத்தில் கொடுக்கத் தொடங்கினால் கடைசிப் பிரதி வரை போய்விடும்.